குறைந்தது கொழுப்பா, தசையா? வீட்டு ஸ்மார்ட் வெயிட் மெஷின், இன்பாடி, டெக்ஸா: அடிக்கடி டயட் இருப்பவர்களுக்கான மதிப்பீடு

வருடத்துக்கொரு முறை டயட் தொடங்கி, ஏழெட்டு கிலோ குறைத்து, அடுத்த வருடத்துக்குள் பழைய எடைக்கே திரும்புகிறவர்கள் நிறைய பேர். இவர்களுக்கு எடை எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி வேறு: இறங்கும்போது உடம்பிலிருந்து போனது என்ன, ஏறும்போது வந்து சேர்ந்தது என்ன? 72 கிலோவிலிருந்து 64-க்கு இறங்கி மறுபடி 72-க்கு வந்தவரைச் சாதாரண வெயிட் மெஷின் பழைய ஆளாகவேதான் காட்டும். உள்ளே தசையும் கொழுப்பும் பழைய விகிதத்தில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

அதைச் சொல்வதாக இன்று மூன்று வழிகள் விற்பனையில் இருக்கின்றன. சுமார் 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கும் வீட்டு ஸ்மார்ட் வெயிட் மெஷின், ஜிம்களிலும் உணவியல் கிளினிக்குகளிலும் எடுக்கும் இன்பாடி டெஸ்ட், ஸ்கேன் சென்டரில் எடுக்கும் டெக்ஸா எனும் எக்ஸ்ரே ஸ்கேன். இவற்றை டயட் இருந்து இருந்து எடை ஏறி இறங்கியவர்களின் கண்ணோட்டத்தில் மட்டும் இங்கே எடை போடுகிறோம். முதல்முறை எடை குறைப்பவருக்குத் தேவையானது இவர்களுக்குப் போதாது.

முதலில் எதை அளக்கப்போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. உடற்பயிற்சி இல்லாமல், புரதத்தைக் கவனிக்காமல் டயட் இருந்தால் குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பில்லாத திசுவாக இருப்பது வழக்கம். திரும்பி ஏறும்போது அது அதே கணக்கில் வருமா? மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. ஒரு கிலோ கொழுப்பு போனபோது கூடவே 0.26 கிலோ கொழுப்பில்லாத திசு போனது. ஒரு கிலோ கொழுப்பு திரும்பி வந்தபோது வந்த கொழுப்பில்லாத திசு 0.12 கிலோ மட்டுமே. இதை ஒரு சுற்றுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 10 கிலோ கொழுப்பு போய்த் திரும்பி வந்தால், 2.6 கிலோ போய் 1.2 கிலோதான் திரும்பியிருக்கும். பாக்கி 1.4 கிலோ கணக்கில் வரவில்லை. கொழுப்பு முழுதும் திரும்பிவிட்டது, எடையோ பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. மெஷினைப் பார்த்தால் லாபம் போலத் தோன்றும்.

இதை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கிவிடவும் கூடாது. 1994-ல் அமெரிக்க தேசிய நிபுணர் குழு ஒன்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எடை ஏறி இறங்குவது உடல் அமைப்பையும் வளர்சிதை மாற்றத்தையும் நிரந்தரமாகக் கெடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொன்னது. இளம் வயதில், திரும்ப நன்றாகச் சாப்பிட்டு உழைப்பவர்களுக்குத் தசையும் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள், பட்டினி மாதிரி டயட் இருந்தவர்கள், எடை தூக்கும் பயிற்சியே இல்லாதவர்கள்தான் கவலைப்பட வேண்டியவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் அளவீடு.

வீட்டு ஸ்மார்ட் மெஷினை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டில் நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும். நீங்கள் உணராத அளவு சிறிய மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். தசையில் தண்ணீர் அதிகம், அதனால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தடை அதிகம். அந்தத் தடையோடு உங்கள் உயரம், வயது, பாலினம், எடை ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு, ஆப்பில் பத்துப் பதின்மூன்று எண்களாகக் காட்டுகிறது. உண்மையில் அளந்தவை இரண்டுதான்: எடையும் மின்தடையும். எலும்பு எடை, உள்ளுறுப்புக் கொழுப்பு, 'மெட்டபாலிக் ஏஜ்' எல்லாம் அந்த இரண்டிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தவை. மின்சாரம் போவது கால்கள் வழியாக. வயிற்றையும் கைகளையும் அது தொடுவதே குறைவு. தொப்பையில் கொழுப்பு சேரும் நம் உடல்வாகுக்கு இது பெரிய குறை. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் சக ஆய்வாளர் யட்கினும் 2004-ல் வெளியிட்ட ஒப்பீடு பலருக்கும் தெரிந்திருக்கும்: இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) ஒன்றே, 22.3, ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இப்படி ஒல்லியாகத் தெரிந்து உள்ளே கொழுப்போடு இருக்கும் உடம்பை, வேறு நாட்டு மக்களை வைத்து உருவான சூத்திரம் சரியாகக் கணிக்கும் என்று நம்ப முடியாது.

ஆகவே மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதம் 34 என்றால், அது 34 தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் அது எந்தத் திசையில் போகிறது என்பதற்கு மட்டுமே மதிப்பு. அந்தத் திசையும் நம்பகமாக இருக்க வேண்டுமென்றால் ஒரே மாதிரி அளக்க வேண்டும். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன், வெறுங்காலோடு, சமதளமான தரையில். பாயிலோ கார்ப்பெட்டிலோ வைத்தால் எடையே தப்பாக வரும். குதிகாலில் பித்தவெடிப்பும் காய்ப்பும் இருந்தால் மின்சாரம் சரியாக ஏறாமல் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே ஏறலாம், ஆனால் தினமும் அதே மாதிரி. ஜிம் முடிந்த உடனே, வெந்நீரில் குளித்த உடனே அளப்பது வீண்.

தண்ணீரால் வரும் குழப்பம்தான் டயட் இருப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே மெஷினில் ஏறுங்கள். எடை ஒரு கிலோ கூடும். வயிற்றில் இருக்கும் தண்ணீர் மின்சாரம் போகும் பாதையில் இல்லாததால் மின்தடை மாறாது. விளைவு, கூடிய கிலோவில் பெரும்பங்கை மெஷின் கொழுப்புக் கணக்கில் எழுதிவிடும். இதற்கு நேர்மாறாக, சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திய முதல் வாரத்தில் தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த மாவுச்சத்தான கிளைகோஜன் கரையும். உடம்பில் அது சுமார் அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஒன்றரை, இரண்டு கிலோ இறங்குவது அதனால்தான். தண்ணீர் போனதும் மின்தடை கூடுகிறது, மெஷின் 'தசை குறைந்துவிட்டது' என்கிறது. கல்யாண விருந்தில் ஒரு நாள் சாப்பிட்டால் மறுநாள் 'தசை' ஒரு கிலோ கூடிவிடும். இரண்டுமே தசை இல்லை. பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் தங்குவதும் இதே குழப்பத்தைத் தரும். போன மாதவிலக்குச் சுழற்சியின் அதே நாளோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, ஆப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 'அத்லெட் மோடு' என்று ஒரு தேர்வு இருக்கும். அதை மாற்றினால் சூத்திரமே மாறிவிடும், கொழுப்புச் சதவீதம் ஒரே நிமிடத்தில் பல புள்ளிகள் இறங்கும். ஒருமுறை தேர்ந்தெடுத்ததை அப்புறம் தொடாதீர்கள். உயரத்தைச் சரியாகப் பதிந்தீர்களா என்றும் பாருங்கள். சூத்திரத்தில் உயரம் வர்க்கமாக வருவதால் இரண்டு சென்டிமீட்டர் தவறு கூடக் கணக்கை நகர்த்தும்.

இந்த மெஷின்களில் மிகவும் தவறாக நம்பப்படுவது பிஎம்ஆர் எண், அதாவது சும்மா இருக்கும்போதே உடம்பு ஒரு நாளில் எரிக்கும் கலோரி. அடிக்கடி டயட் இருப்பவர்கள், 'என் மெட்டபாலிசம் குறைந்துவிட்டதா?' என்று தெரிந்துகொள்ள அதைத்தான் பார்க்கிறார்கள். அது அளந்த எண்ணே இல்லை. பரவலாகப் பயன்படும் சூத்திரம் ஒன்று: 370 + 21.6 × கொழுப்பில்லாத எடை. 42 கிலோவுக்கு 1,277 கலோரி. 40 கிலோவுக்கு 1,234. இன்பாடி தாளில் வரும் பிஎம்ஆரும் இப்படிக் கணக்கிட்டதுதான். டயட்டால் உடம்பு செலவைச் சுருக்குவது இந்தக் கணக்குக்கு வெளியே நடக்கிறது. தசை சும்மா இருக்கும்போது கிலோவுக்கு ஒரு நாளில் சுமார் 13 கலோரிதான் எரிக்கும், கொழுப்பு நாலரை. இரண்டு கிலோ தசை போனதால் மட்டும் மெட்டபாலிசம் சரிந்துவிடாது. கொழுப்பு குறையும்போது பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோன் இறங்கும், தைராய்டு ஹார்மோனான டி3 இறங்கும், தசை அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யப் பழகும், நாமே அறியாமல் நடமாட்டம் குறையும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு ஆறு வருடம் கழித்து அளந்தது, 2016-ல் வெளியிட்டது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடலின் தசை, கொழுப்பு, வயதுக்கு எதிர்பார்த்ததைவிட ஓய்வுநிலைச் செலவு நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அந்த 500-ஐ எந்த ஸ்மார்ட் மெஷினும் காட்டியிருக்காது, ஏனென்றால் மெஷின் போடுவதே அந்த 'எதிர்பார்த்த' கணக்கை. அது கடும் பயிற்சியும் கடும் டயட்டும் சேர்ந்த தீவிரமான நிலை. சாதாரணமாக எட்டுப் பத்து கிலோ குறைப்பவர்களுக்கு இந்தச் சரிவு மிகச் சிறியது, எடை நிலைபெற்றதும் அது மேலும் சுருங்குகிறது. பயப்படத் தேவையில்லை, தெரிந்திருந்தால் போதும்.

உண்மையான செலவைத் தெரிந்துகொள்ள அதே மெஷினின் எடை எண்ணே உதவும், ஆப்பின் பிஎம்ஆரை விட்டுவிட்டு. நான்கு வாரம் தினமும் காலையில் எடை பாருங்கள், சாப்பிடுவதை அளந்து எழுதுங்கள். முதல் வாரச் சராசரி 66.4 கிலோ, நான்காவது வாரச் சராசரி 65.5 என்று வையுங்கள். இடைவெளி 21 நாள், குறைந்தது 0.9 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி, 0.9-ஐ 7,700-ஆல் பெருக்கி 21-ஆல் வகுத்தால் 330. சாப்பிட்ட சராசரி 1,500 என்றால் நாள் செலவு ஏறக்குறைய 1,830. டயட்டின் முதல் வாரத்தை இதில் சேர்க்காதீர்கள், அது தண்ணீர். கணக்கு தப்புவது பெரும்பாலும் எண்ணெயில்: ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120 கலோரி, தாளிப்புக்குக் கண்ணளவில் ஊற்றினால் இரண்டு மூன்று ஸ்பூன் சாதாரணமாகப் போய்விடும். வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று வகுத்துப் பார்ப்பது இன்னும் நேர்மையான வழி.

வீட்டு மெஷினுக்கு எங்கள் மதிப்பு: எடைப் போக்குக்கு நல்லது, கொழுப்புச் சதவீதத்துக்குச் சுமார், பிஎம்ஆருக்கும் 'மெட்டபாலிக் ஏஜ்'-க்கும் பயனில்லை. கையால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் சேர்ந்த எட்டு எலக்ட்ரோடு மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். உடலின் மேல்பாதியும் அளவில் சேரும்.

இன்பாடி அந்த எட்டுப் புள்ளி முறையைத்தான் பெரிதாகச் செய்கிறது. இரண்டு கை, இரண்டு கால், நடுவுடல் என்று ஐந்தாகப் பிரித்து, வெவ்வேறு அதிர்வெண்களில் அளக்கிறது. 770 மாடலில் ஆறு அதிர்வெண்கள், 1-லிருந்து 1,000 கிலோஹெர்ட்ஸ் வரை. தாளைக் கையில் வாங்கியதும் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். மேலே எடை, எலும்புத் தசை, கொழுப்பு என்று மூன்று பட்டைகள் இருக்கும், அவற்றின் முனைகளைப் பேனாவால் இணையுங்கள். தசைப் பட்டை உள்ளே ஒடுங்கி மற்ற இரண்டும் நீண்டு ஆங்கில சி எழுத்து மாதிரி வந்தால், தசை பின்தங்கியிருக்கிறது. பல முறை டயட் இருந்தவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். எடை ஏறாமலே இந்த வடிவம் மோசமாகிக்கொண்டே போகலாம். பெரிய மாடல்களில் செல்லுக்கு வெளியே உள்ள நீரின் விகிதமும் வரும்; அது 0.390-ஐத் தாண்டினால் வீக்கமோ நீர்த் தேக்கமோ இருக்கலாம், அப்போது தசை எண்ணும் ஊதித் தெரியும்.

ஜிம் பேக்கேஜ் எடுப்பவர்கள் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள். முதல் டெஸ்ட் மாலையில் சாப்பிட்ட பின், கடைசி டெஸ்ட் காலையில் வெறும் வயிற்றில் என்று எடுத்தால், எதுவும் செய்யாமலே முன்னேற்றம் வந்துவிடும். இரண்டும் ஒரே மெஷினில், ஒரே நேரத்தில், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, பயிற்சிக்கு முன் நடக்க வேண்டும். தேதியும் நேரமும் தாளின் மேலேயே அச்சாகும், சரிபார்க்கலாம்.

டெக்ஸா இரண்டு ஆற்றல் அளவுள்ள எக்ஸ்ரேவால் எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு என மூன்றாகப் பிரிக்கிறது. பத்து நிமிடம் அசையாமல் படுத்தால் போதும். முழு உடல் ஸ்கேனின் கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட் மட்டுமே. இயற்கையிலிருந்து வருடத்துக்கு நாம் சராசரியாகப் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டின் பக்கத்தில் அது மிகச் சொற்பம். மூன்றில் நம்பகமானது இதுதான். நம் ஊரில் பிரச்சினை வேறு: பல ஸ்கேன் சென்டர்களில் டெக்ஸா என்றால் இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். போனில் கேட்கும்போதே "முழு உடல், பாடி காம்போசிஷன் ரிப்போர்ட் வருமா? கை, கால் தனித்தனியாக லீன் மாஸ் இருக்குமா?" என்று கேட்டு உறுதிசெய்த பிறகே போங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு கை, இரண்டு கால்களின் லீன் மாஸை (கொழுப்பில்லாத மென்திசு) கூட்டி, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். தசைக் குறைவுக்கு ஆசிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த எல்லை ஆண்களுக்கு 7.0, பெண்களுக்கு 5.4. 160 செ.மீ. உயரப் பெண்ணுக்குக் கை, கால் லீன் 13.2 கிலோ என்றால், 2.56-ஆல் வகுக்க 5.16 வரும், எல்லைக்குக் கீழே. இவர் அடுத்த டயட்டைத் தொடங்கும் முன் தசையைத்தான் கவனிக்க வேண்டும். டெக்ஸாவுக்கும் தண்ணீர்க் குழப்பம் உண்டு, லீன் மாஸில் அதுவும் அடங்கும். கடும் டயட்டின் நடுவில் எடுக்காமல், மூன்று நான்கு நாள் வழக்கமான சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். ஒரு கம்பெனி மெஷினின் எண்ணை இன்னொரு கம்பெனி மெஷினோடு ஒப்பிட முடியாது. ஒரு கிலோவுக்கும் குறைவான மாற்றத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். செலவு சில ஆயிரம் ஆகும் என்பதால், டயட்டுக்கு முன் ஒன்று, முடித்து எடை நிலைத்தபின் ஒன்று என்றால் போதும்.

எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கு இந்த இரண்டு ஸ்கேனையும் நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். மவுன்ஜாரோவும் வீகோவியும் 2025-ல் இந்தியாவுக்கு வந்தபின் வேகமாக எடை குறைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வீகோவியில் உள்ள செமாக்லூடைட் மருந்தின் முக்கியமான சோதனை ஒன்றில் ஒரு பகுதியினருக்கு டெக்ஸா எடுத்தபோது, குறைந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் லீன் மாஸாக இருந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. டயட்டின் ஏற்ற இறக்கம்தான் இது, இன்னும் பெரிய அளவில்.

அளந்து பார்த்துத் தசை குறைவு என்று தெரிந்தால் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் புரதம் கிலோ எடைக்கு 0.83 கிராம், எடை குறைக்கும் காலத்தில் 1.2 முதல் 1.6 வரை போகலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு. 65 கிலோ பெண்ணுக்கு 78 கிராமாவது. இரண்டு முட்டை 12, சமைக்காத எடையில் 50 கிராம் துவரம்பருப்பு 11, 50 கிராம் கொண்டைக்கடலை 10, 30 கிராம் மீல்மேக்கர் 15, 100 கிராம் மீன் 20, ஒரு டம்ளர் பால் 6. மீதியை இட்லியும் சோறும் நிரப்பும். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைய விடாதீர்கள்.

பணமே செலவழிக்காத அளவீடும் உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தசையின் வலு போதவில்லை. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவு பாருங்கள்: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. எடை இறங்கி, இடுப்பளவு இறங்காமல், நாற்காலி நேரம் கூடினால், அந்த டயட்டை அன்றே நிறுத்தலாம்; மெஷின் வாங்கிச் சரிபார்க்க வேண்டியதில்லை.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஸ்மார்ட் மெஷினிலோ இன்பாடியிலோ ஏறக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு மூன்றுமே வேண்டாம். எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டையே வெறுக்கும் அளவுக்குப் போகிறவர்கள், குறிப்பாகப் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷினை வாங்கி ஹாலில் வைக்காதீர்கள்.